மயாமி 705: இடிமேகத்தில் நொறுங்கிய போயிங் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம் குலுங்கத் தொடங்கியதும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு "இந்தக் குலுக்கலில் இது உடைந்துவிடுமா?" என்று மனதுக்குள் கேட்காத பயணிகள் குறைவு. 1963 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு போயிங் ஜெட் விமானம் அப்படித்தான் வானத்திலேயே உடைந்தது. அந்த விபத்தைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், விசாரணையில் தெரியவந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். "புயலில் சிக்கி விழுந்தது" என்ற ஒற்றை வரியோடு பலரும் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உலகெங்கும் விமானிகளுக்கான பயிற்சி மாறியது.

எந்த விமானம், எங்கே, எப்போது?

நார்த்வெஸ்ட் ஓரியன்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 705ஆம் எண் விமானம். நாள் 1963 பிப்ரவரி 12. மயாமியிலிருந்து சிகாகோ சென்று, அங்கிருந்து சியாட்டில் உள்ளிட்ட மேற்குப் பகுதி நகரங்களுக்குப் போகவேண்டிய சேவை. விமானம் போயிங் 720பி. புகழ்பெற்ற 707இன் சற்றே குட்டையான தங்கை என்று சொல்லலாம். அதே பின்சாய்ந்த இறக்கைகள், நான்கு எஞ்சின்கள்.

பகல் 1.35க்கு ஓடுபாதையை விட்டு எழுந்தது. கால் மணி நேரத்துக்குள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் சிதறிக் கிடந்தது. 35 பயணிகளும் 8 ஊழியர்களுமாக 43 பேரும் இறந்தார்கள்.

வானிலை மோசமாக இருந்தது விமானிகளுக்குத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். தென் ஃபுளோரிடாவின் மேல் அன்று இடிமேகங்கள் வரிசை கட்டி நின்றன. குளிர்காற்று முகப்புக்கு முன்னால் ஓடிவரும் இத்தகைய இடிமேக வரிசை, தனியாக நிற்கும் இடிமேகத்தைவிடக் கொடியது. சுற்றிக்கொண்டு போக வழி விடாது. மேகங்களுக்குள் மிதமானது முதல் கடுமையானது வரை கொந்தளிப்பு இருக்கும் என்று வானிலை எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது.

விமானிகள் அலட்சியமாக இருக்கவில்லை என்பதை இங்கேயே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தரையில் நின்றபோதே, மற்ற விமானங்கள் எந்தத் திசையில் புறப்பட்டுப் போகின்றன என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார்கள். பெரும்பாலானவை தென்மேற்காகவோ தென்கிழக்காகவோ ஏறி, உயரம் பிடித்த பிறகு திரும்பி மேகங்களின் தலைக்கு மேலே கடந்து போகின்றன என்று பதில் வந்தது. இவர்கள் தென்கிழக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். மேற்கு நோக்கிய ஓடுபாதையிலிருந்து எழுந்து இடப்புறம் திரும்பினார்கள். கொந்தளிப்பைத் தவிர்க்க ரேடார் கட்டுப்பாட்டாளர் திசை சொல்லச் சொல்ல அதன்படி பறந்தார்கள்.

பிறகு ஏன் மேகத்துக்குள் போனார்கள்?

உயரம் பிடிக்க முடியாமல் போனதுதான் முக்கியமான காரணம். மேகங்களின் தலைக்கு மேலே போகவேண்டுமென்றால் சீக்கிரம் ஏறியாக வேண்டும். ஆனால் விமானம் 5,000 அடியிலேயே காத்திருக்க நேர்ந்தது. மேலே ஏற அனுமதி கேட்டார்கள். புறப்பாட்டு ரேடார் கட்டுப்பாட்டாளரும் வழித்தடக் கட்டுப்பாட்டு மையமும் தங்களுக்குள் பேசி முடிக்க நேரம் பிடித்தது. பிறகே 25,000 அடிக்கு ஏறலாம் என்று அனுமதி கிடைத்தது.

அதற்குள் அவர்கள் இடைவெளியான ஓர் இடத்துக்கு வந்திருந்தார்கள். முன்னால் தெரிவது மோசமாக இருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். 270 பாகைத் திசை, அதாவது நேர் மேற்கு, வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, அது தங்களை மறுபடியும் மேகமில்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோகும் என்றார்கள். கொந்தளிப்பு மிதத்தைத் தாண்டிக் கடுமையாக இருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் வரும் விமானங்களை வேறு பக்கமாக அனுப்பிவிடுவது நல்லது என்றும் சொன்னார்கள்.

அந்தக் கடைசி அறிவுரையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தங்களைச் சுற்றி மேகம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் பின்னால் வருபவர்களைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

பிற்பகல் 1.48 அளவில் வழித்தட மையத்தோடு பேசி, 17,500 அடியைக் கடந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

ஒரு மேகத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

காற்று இருக்கிறது, செங்குத்தாக ஓடும் காற்று. தரையோடு ஒட்டி வீசும் காற்றைத்தான் நாம் அன்றாடம் உணர்கிறோம். இடிமேகத்துக்குள் காற்று மேலே பாய்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, மழையோடும் ஆலங்கட்டியோடும் கீழே பாய்கிறது. இந்த இரண்டு ஓட்டங்களும் உரசிக்கொள்ளும் எல்லையில்தான் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்.

இதைக் கண்டறிந்த ஆய்வும் அதே ஃபுளோரிடாவில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும் 'இடிமழைத் திட்டம்' என்ற பெரிய ஆய்வை அமெரிக்க அரசு நடத்தியது. வானிலை அறிஞர் ஹொரேஸ் பையர்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். போரில் இரவுச் சண்டைக்குப் பயன்பட்ட பி-61 'பிளாக் விடோ' விமானங்கள் ஐந்தை, 5,000 அடி முதல் 25,000 அடி வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்குகளில் நிறுத்தி, வேண்டுமென்றே இடிமேகத்துக்குள் செலுத்தினார்கள். இடிமேகத்துக்கு வளரும் பருவம், முதிர்ந்த பருவம், கலையும் பருவம் என்று மூன்று பருவங்கள் உண்டு என்று இன்று பாடப்புத்தகங்களில் படிப்பது அந்த ஆய்வு தந்த அறிவுதான். முதிர்ந்த பருவத்தில்தான் மேலேறும் ஓட்டமும் கீழிறங்கும் ஓட்டமும் ஒரே மேகத்துக்குள் அருகருகே இருக்கும். விமானத்துக்கு மிக மோசமான பருவம் அதுவே.

ஆனால் பி-61 நேரான இறக்கை கொண்ட, உந்துசுழலி விமானம். பதினாறு ஆண்டுகள் கழித்து அதே வானத்துக்குள் போனது பின்சாய்ந்த இறக்கை கொண்ட ஜெட். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 1963இல் யாருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

கருப்புப் பெட்டியில் என்ன பதிவாகியிருந்தது?

இன்றைய கருப்புப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். விமானி அறையின் பேச்சைப் பதிவு செய்யும் கருவி அன்று அதில் இல்லை. அமெரிக்காவில் அது கட்டாயமானது பிற்பாடுதான். இருந்தது ஒரு பதிவுக் கருவி மட்டும். மெல்லிய உலோகத் தகட்டுச் சுருள் ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஊசிமுனைகள் அதன்மேல் கோடு கீறிக்கொண்டே போகும். ஒரு கோடு உயரம், ஒன்று வேகம், ஒன்று திசை, ஒன்று செங்குத்து முடுக்கம். அவ்வளவுதான். விபத்துக்குப் பிறகு அந்தக் கீறல்களை உருப்பெருக்கியில் வைத்து, புள்ளி புள்ளியாக அளந்து, எண்களாக மாற்ற வேண்டும்.

அந்தக் கீறல்கள் சொன்ன கதை இது. புறப்பட்டு ஏறத்தாழ 12 நிமிடங்களில் விமானம் ஏறும் விகிதம் தானாகக் கூடத் தொடங்கியது. கூடிக் கூடி நிமிடத்துக்குச் சுமார் 9,000 அடியைத் தொட்டது. கணக்குப் போட்டால், நேர்மேலே மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம். அதே நேரத்தில் முன்னோக்கிய வேகம் 270 நாட் (மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்) என்பதிலிருந்து 215 நாட் (சுமார் 400 கிலோமீட்டர்) ஆகச் சரிந்தது. 19,000 அடியைச் சற்றே தாண்டிய இடத்தில் ஏற்றம் நின்றது.

அந்த உச்சியை நெருங்கும்போதே செங்குத்து முடுக்கம் தலைகீழாகப் புரண்டது. இயல்பான 1 ஜியிலிருந்து (ஜி என்பது புவியீர்ப்பை அலகாகக் கொண்ட அளவு) சட்டென்று மைனஸ் 2 ஜிக்கு இறங்கியது. அடுத்த ஏழு வினாடிகளில் இன்னும் இறங்கி மைனஸ் 2.8 ஜி வரை போனது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது. வேகம் ஏறிக்கொண்டே போனது. பிறகு முடுக்கக் கோடு மறுபக்கம் தாவி, 1.5 ஜியைத் தொட்டு, மீண்டும் திரும்பியது. 10,000 அடிக்குக் கீழே விமானம் உடைந்தது.

ஆய்வாளர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு விவரம் அந்தத் தகட்டில் இல்லை. விமானத்தின் மூக்கு மேலே பார்த்ததா, கீழே பார்த்ததா, எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதையோ, விமானி கட்டுப்பாட்டுத் தண்டை எந்தப் பக்கம் அசைத்தார் என்பதையோ பதிவு செய்ய அன்று வழியே இல்லை. நான்கு கோடுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் மற்றதையெல்லாம் ஊகித்தறிய வேண்டியிருந்தது.

மைனஸ் 2.8 ஜி என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

நாம் உட்கார்ந்திருக்கும்போது நம் எடை இருக்கையை அழுத்துகிறது. அது 1 ஜி. பூஜ்ஜியம் என்றால் எடையே இல்லை, மிதப்போம். மைனஸ் என்றால் எடை மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது, கூரைதான் தரை. மைனஸ் 2.8 என்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவரை 168 கிலோ விசை கூரையை நோக்கி இழுக்கிறது என்று பொருள்.

விமானி அறையை நினைத்துப் பாருங்கள். கையேடுகள், வரைபடங்கள், பைகள், தரையில் கிடந்த தூசி, எல்லாம் மேலே பறக்கும். விமானியின் கால்கள் மிதியை விட்டு எழும்பும். தண்டைப் பிடித்திருக்கும் கைகளே மேலே இழுக்கப்படும். இருக்கை வார் மட்டுமே அவரைக் கட்டிப்போட்டிருக்கும். வெளியே மேகம், அடிவானம் தெரியாது. உட்செவியோ, எது மேல் எது கீழ் என்று பொய் சொல்லத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் கருவிகளைப் படித்து, புரிந்துகொண்டு, சரியானதைச் செய்ய அவர்களுக்குக் கிடைத்தது சில பத்து வினாடிகள்.

பயணிகள் விமானங்கள் பொதுவாக எதிர்த்திசையில் மைனஸ் 1 ஜி வரையிலான சுமையைத் தாங்கவேண்டும் என்பது வடிவமைப்பு விதி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு இடைவெளி. இந்த விமானம் அதையும் தாண்டிப் போயிருந்தது.

அப்படியானால் புயல்தானே விமானத்தை உடைத்தது?

இந்தக் கேள்விக்குத்தான் விசாரணை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அன்று விபத்துகளை ஆராய்ந்த அமைப்பு சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு. அதன் அறிக்கை 1965இல் வெளியானது. கடுமையான செங்குத்துக் காற்றோட்டங்களும், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடுகள் பெரிய அளவில் நகர்த்தப்பட்டதும் ஒன்றோடொன்று பாதகமாகச் சேர்ந்ததால் விமானம் நிலைகுலைந்தது, அதிலிருந்து மீள முடியவில்லை என்பது அதன் முடிவு.

காற்று மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. விமானி மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தது என்றார்கள்.

விமானியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உயரமானியின் முள் சுழன்று ஏறுகிறது. வேகமானியின் முள் விழுந்துகொண்டே வருகிறது. வேகம் இன்னும் குறைந்தால் இறக்கைகள் தூக்குவிசையை இழந்துவிடும். ஸ்டால் என்று விமானிகள் சொல்லும் அந்த நிலையை நினைத்தாலே அவர்களுக்கு நடுக்கம். முதல் நாள் பயிற்சியிலிருந்தே அதைத் தவிர்க்கக் கற்றவர்கள். வேகம் குறைந்தால் மூக்கைத் தாழ்த்து என்பது கைகளில் ஊறிப்போன பாடம். ஆகவே தண்டை முன்னால் தள்ளுகிறார். மேலேறும் காற்று பலமாக இருப்பதால் அது போதவில்லை, இன்னும் தள்ளுகிறார். வால்பகுதியில் இருக்கும் கிடைத்தளத்தையும் மூக்கு தாழும்படி நகர்த்துகிறார்.

அப்போது மேலேறும் காற்று சட்டென்று முடிந்துவிடுகிறது. பக்கத்திலேயே கீழிறங்கும் காற்று காத்திருக்கிறது. எதை எதிர்த்து அவர் தள்ளிக்கொண்டிருந்தாரோ அது இப்போது இல்லை. அவருடைய தள்ளலும் காற்றும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. மூடிக்கிடக்கும் கதவைத் தோளால் முட்டும்போது யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டால் எப்படி விழுவோமோ அப்படி.

இதை விமானியின் தவறு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அவர் செய்திருக்கக்கூடியது, அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதைத்தான். கற்றுக்கொடுத்த பாடம் உந்துசுழலி விமானங்களின் காலத்தில் உருவானது. ஜெட்டுக்கு அது பொருந்தாது என்று சொல்ல அன்று யாரிடமும் போதிய சான்று இல்லை.

19,000 அடி உயரம் இருந்ததே, ஏன் மீட்க முடியவில்லை?

ஜெட் விமானம் வழவழப்பானது. மூக்கு தாழ்ந்ததும் வேகத்தை அள்ளிக்கொள்ளும். பழைய உந்துசுழலி விமானத்தில் பெரிய சுழலிகளே தடைபோல் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஜெட்டில் அந்த உதவி இல்லை. வேகம் ஏற ஏறக் கட்டுப்பாடுகளை அசைக்கத் தேவைப்படும் வலுவும் ஏறும். வால்தளம் மூக்கைத் தாழ்த்தும் நிலையில் இருக்கும்போது, தண்டை இழுத்து மட்டும் அதை முறியடிப்பது கடினம். இவற்றோடு மைனஸ் ஜியில் தொங்கிக்கொண்டிருக்கும் மனிதர்கள், அடிவானம் தெரியாத மேகம்.

சிதைவுகளைப் பார்த்தே ஆய்வாளர்கள் உடைந்த முறையைச் சொன்னார்கள். இரண்டு இறக்கைகளும், வாலின் இரண்டு கிடைத்தளங்களும் கீழ்நோக்கி ஒடிந்திருந்தன, ஏறக்குறைய ஒரே சீராக. முன்பகுதி உடல் மேல்நோக்கி ஒடிந்திருந்தது. செங்குத்து வால் இடப்பக்கம் சாய்ந்து முறிந்திருந்தது. சதுப்பில் சிதைவுகள் பதினைந்து மைல் நீளத்துக்குச் சிதறியிருந்தன. குண்டுவெடிப்போ, உலோகச் சோர்வோ, எஞ்சின் கோளாறோ காரணம் என்று காட்டும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

இது தனியாக நடந்த ஒன்றா?

இல்லை. அதனால்தான் 1963, 64ஆம் ஆண்டுகளில் விமானத்துறை கலங்கிப் போனது. 1963 ஜூலையில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓ'நீல் நகருக்கு அருகே யுனைடெட் நிறுவனத்தின் மற்றொரு போயிங் 720, புயலில் நிலைகுலைந்து சுமார் 25,000 அடி விழுந்தது. விமானிகள் 14,000 அடி அளவில் அதை மீட்டுவிட்டார்கள். உயிரோடு திரும்பிய விமானிகளிடம் கேட்டறிய முடிந்தது பெரிய உதவி. 1963 நவம்பர் 29 அன்று மான்ட்ரியாலிலிருந்து டொரன்டோ கிளம்பிய டிசி-8 சில நிமிடங்களில் விழுந்து 118 பேர் இறந்தார்கள். 1964 பிப்ரவரி 25 அன்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிசி-8 பான்சர்ட்ரெய்ன் ஏரியில் விழுந்தது. 58 பேர் பலி. டிசி-8 விபத்துகளில் மூக்கின் சாய்வைச் சமன்செய்யும் ஒரு கருவியின் மீதும் சந்தேகம் விழுந்ததால் அவற்றை 705 விபத்தோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. என்றாலும் மூக்கு மேலும் கீழுமாக அலைந்து, பாய்ச்சலில் முடியும் இந்த வகை நிகழ்வுக்கு 'ஜெட் அப்செட்' என்று தனிப்பெயரே வந்துவிட்டது.

இந்தியாவில் இப்படி நடந்ததுண்டா?

உண்டு, 705க்குப் பத்து ஆண்டுகள் முன்பே. 1953 மே 2, கல்கத்தா. சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானம் டம்டம் விமான நிலையத்திலிருந்து டெல்லிக்குக் கிளம்பியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. கோடையில் வங்காளத்தைத் தாக்கும் கால்பைசாகி என்னும் இடிப்புயல் காலம் அது. கிளம்பிய ஆறாவது நிமிடத்தில் புயலுக்குள் விமானம் உடைந்தது. 43 பேர் இறந்தார்கள். எண்ணிக்கை 705 விபத்தில் இறந்தவர்களுடையதோடு ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

இந்தியாவில் நடந்த விசாரணையின் முடிவைப் பாருங்கள்: கடுமையான காற்று வீச்சால் உடைந்திருக்கலாம், அல்லது புயலுக்குள் விமானி கட்டுப்பாடுகளை மிகையாக அசைத்ததாலோ கட்டுப்பாட்டை இழந்ததாலோ உடைந்திருக்கலாம். 705 விசாரணை பின்னாளில் மல்லுக்கட்டிய அதே கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. ஆனால் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் மத்தியதரைக் கடலில் இரண்டு காமெட்டுகள் விழுந்து, அவற்றுக்குக் காரணம் உலோகச் சோர்வு என்று தெரியவந்ததும் உலகத்தின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கல்கத்தா எழுப்பிய கேள்வியை யாரும் விடாமல் துரத்தவில்லை. துரத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

705க்குப் பிறகு என்ன மாறியது?

விமானிகளின் கைகளுக்கான பாடம் மாறியது. பழைய பாடம் வேகத்தைப் பிடித்துக்கொள், உயரத்தைப் பிடித்துக்கொள் என்றது. புதிய பாடம் இரண்டையும் விட்டுவிடச் சொல்கிறது. கொந்தளிப்புக்குள் சிக்கினால், அதற்கென்று குறிக்கப்பட்ட வேகத்துக்கு ஏற்ப எஞ்சின் விசையை வைத்துவிட வேண்டும். பிறகு அதைத் தொட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்து மூக்கையும் இறக்கைகளையும் மட்டமாக வைத்திருக்க வேண்டும். உயரம் ஆயிரக்கணக்கான அடி ஏறினாலும் இறங்கினாலும் துரத்தக்கூடாது. காற்று தூக்கினால் தூக்கட்டும், இறக்கினால் இறக்கட்டும். வேகமானியின் முள் ஆடினால் அதன் பின்னால் ஓடக்கூடாது. வால்தளத்தை நகர்த்தக்கூடாது. தானியங்கி விமானியின் உயரம் காக்கும் பிடிப்பை விடுவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் செய்த அதே தவறை இயந்திரம் செய்யும்.

கொந்தளிப்பைக் கடக்கும் வேகமும் கூட்டப்பட்டது. மெதுவாகப் போனால் குலுக்கல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதிகம் மெதுவாகப் போனால் ஸ்டால் பயம் முளைக்கும். அந்தப் பயம்தான் தண்டைத் தள்ள வைக்கிறது.

இதற்காக உழைத்தவர்களில் ஒருவரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். விமானத்தைப் பறிகொடுத்த நார்த்வெஸ்ட் நிறுவனத்திலேயே விமானச் செயல்பாடுகளின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த பால் சோடர்லிண்ட். ஜெட் ஏன் நிலைகுலைகிறது என்பதை விமானிகளுக்குப் புரியும் மொழியில் விளக்கி, புதிய முறையைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே நிறுவனத்தின் வானிலை அறிஞர் டான் சோவா, கொந்தளிப்பு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே வரைந்து விமானிகளுக்கு அனுப்பும் முறையை வளர்த்தெடுத்தார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பாவனைக் கருவிக்குள் விமானிகளை உட்காரவைத்து, கடுமையான குலுக்கலில் பின்சாய்ந்த இறக்கை விமானத்தை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று சோதித்தார்கள்.

சரியாக ஓட்டினால் எந்தப் புயலையும் கடந்துவிடலாம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1966 ஆகஸ்ட் 6 இரவு, கன்சாஸ் சிட்டியிலிருந்து ஒமாஹா போன பிரானிஃப் நிறுவனத்தின் 250ஆம் எண் விமானம் அதைக் காட்டியது. பிஏசி 1-11 என்ற இரட்டை எஞ்சின் ஜெட். இடிமேக வரிசையை எதிர்கொண்டபோது அது ஏறத்தாழ 5,000 அடியில் இருந்தது. பெருமழைக்குள் இன்னும் நுழையவும் இல்லை. மேக வரிசைக்கு முன்னால் உருளும் காற்றில் சிக்கியது. முதலில் வால்பகுதி முறிந்தது, பிறகு வலது இறக்கை. நெப்ராஸ்காவின் ஃபால்ஸ் சிட்டிக்கு அருகே ஒரு சோயா வயலில் விழுந்து 42 பேரும் இறந்தார்கள். சூறாவளி ஆய்வில் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டெட் ஃபுஜிட்டா அந்த இரவின் வானிலையை ஆராய்ந்தார். அங்கே விமானியின் கை எதையும் மிகையாகச் செய்ததாகத் தெரியவில்லை. காற்றே போதுமானதாக இருந்தது.

ஆகவே கடக்கும் முறை என்பது தப்பித்தவறிச் சிக்கிக்கொண்டவருக்கு. சிக்காமல் சுற்றிப்போவதுதான் விதி. முடியாவிட்டால் காத்திருப்பது, அல்லது திரும்பி வருவது.

ரேடார் இருந்தும் ஏன் தெரியவில்லை?

ரேடார் மழைத்துளிகளைத்தான் பார்க்கிறது, காற்றைப் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கும் அடர்ந்த மழை அலைகளை விழுங்கிவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. அன்றைய திரை ஒற்றை நிறத்தில் மங்கலாக ஒளிரும். இன்றைய வண்ணத் திரைகளும், மழைத்துளிகளின் அசைவை வைத்துக் கொந்தளிப்பைக் கணிக்கும் டாப்ளர் முறையும் பின்னால் வந்தவை.

இன்று நான் போகும் விமானம் குலுக்கலில் உடையுமா?

உடைய வாய்ப்பு மிக மிகக் குறைவு. உங்கள் எலும்பு உடைய வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321 விமானத்துக்கு மியான்மருக்கு மேலே என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். முதற்கட்ட விசாரணை வெளியிட்ட எண்களை 705இன் எண்களோடு சேர்த்துப் பாருங்கள். முடுக்கம் 1.35 ஜியிலிருந்து மைனஸ் 1.5 ஜிக்கு 0.6 வினாடியில் புரண்டது. நான்கு வினாடிகளில் மீண்டும் 1.5 ஜிக்குத் திரும்பியது. உயரம் குறைந்தது வெறும் 178 அடி. விமானம் பத்திரமாக பாங்காக்கில் இறங்கியது. ஆனால் உள்ளே வார் அணியாதவர்கள் கூரையில் மோதி, திரும்பத் தரையில் விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் தலையிலும் முதுகுத்தண்டிலும் காயமடைந்தார்கள்.

எனவே வார் கட்டும் விளக்கு அணைந்திருந்தாலும், இருக்கையில் இருக்கும்வரை வாரைக் கட்டியே வைத்திருங்கள். தூங்கும்போது போர்வைக்கு மேலே கட்டுங்கள். பணிப்பெண்கள் உங்களை எழுப்பாமலே பார்த்துக்கொள்ள முடியும். கைக்குழந்தை மடியில் இருந்தால், உங்கள் வாரோடு இணைக்கும் குழந்தை வாரைக் கேட்டு வாங்குங்கள். இடிமேகத்தைச் சுற்றிப் போவதால் விமானம் அரை மணி நேரம் தாமதமாகும் என்று விமானி அறிவித்தால், அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.